குப்புசாமி இன்று பணிக்கு வந்திருக்கிறார்

காஞ்சிபுரத்தில் பேய் பிசாசு உண்டா என்று யாராவது என்னிடம் கேட்டால், சுடுகாட்டுப் பக்கம் போய் அலையாதீர்கள், ஸ்ரீ வித்யாபிவிருத்திக் கல்லூரிக்குப் போய் ஊழியர் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள் என்பேன். அறுபத்தெட்டாம் வருஷம் அதில் ஐம்பத்திரண்டு பெயர்கள் இருந்தன. அவர்களில் ஒன்பது பேர் செத்தவர்கள். அந்த ஒன்பது பேர்தான் ஒரு நாள்கூடத் தவறாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

நான் மனு எழுதுகிறவன். பெயர் ஆதிகேசவன். பஸ் ஸ்டாண்டு எதிரில், சைக்கிள் கடையை ஒட்டினாற்போல் தகரக் கொட்டகை போட்டு, ஒரு மேஜையோடு உட்கார்ந்திருப்பேன். ஊரில் ரைட்டர் என்றால் நான்தான். பட்டா மாற்றம், பாகப்பிரிவினை, புருஷன் பேரில் புகார், பெண்டாட்டி பேரில் புகார் எல்லாம் இந்தக் கை எழுதியதுதான். என் எழுத்தைப் பார்த்து ஒரு தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை மறுத்ததில்லை. அந்த அகம்பாவத்துக்குத்தான் பிற்பாடு அனுபவித்தேன்.

ஜூன் மாதம் முசரவாக்கத்துப் பழனி தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தான். இரண்டு காணி நிலம், ஒரு பம்புசெட்டு, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத வாய், இவ்வளவுதான் அவன் சொத்து. மகள் பெயர் கிருஷ்ணவேணி. எஸ்.எஸ்.எல்.சி.யில் அறுநூறுக்கு நானூற்று எண்பத்திரண்டு வாங்கியிருந்தாள். எங்கள் தாலுகாவில் அந்த மார்க்கை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஹெட்மாஸ்டரே அச்சுப் பிழை என்று நினைத்து மேலே எழுதிக் கேட்டாராம். பி.யூ.சி.யில் கணக்கு எடுத்துப் படிக்க வேண்டும், கணக்கு டீச்சர் ஆக வேண்டும் என்பது அவள் எண்ணம். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்புகிற தூரத்தில், பெண்களையும் சேர்த்துக்கொள்கிற கல்லூரி அந்த ஒன்றுதான். பட்டணத்து ஹாஸ்டலை நினைத்துப் பார்க்கப் பழனிக்கு வக்கில்லை. அங்கே இடம் கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் களத்துமேடு.

விண்ணப்பப் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். ஏழாவது கேள்வி இப்படி இருந்தது: ‘விண்ணப்பதாரரின் தந்தை இக்கல்லூரியில் பணிபுரிகிறாரா? இல்லையெனில், ஏன் இல்லை?’

இருபது வருஷமாகப் படிவம் நிரப்புகிறேன். எந்த சர்க்காரும் இப்படிக் கேட்டதில்லை. பழனியைக் கேட்டேன். யாரும் கூப்பிடவில்லையே என்று தலையைச் சொறிந்தான். அதைக் கொஞ்சம் மெருகேற்றி, ‘நெல் பயிரிட்டுக்கொண்டிருந்தபடியால்’ என்று எழுதினேன். நான்காம் நாள் படிவம் திரும்பி வந்தது. காரணம் போதுமானதாக இல்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் எழுத்து திரும்பி வருவதாவது. நானே அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

தலைமை எழுத்தர் பராங்குசத்தைப் பார்க்க ஆசிரியர் அறையில் காத்திருக்கச் சொன்னார்கள். அங்கே எட்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. எட்டுக்கும் மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கால் கடுத்துப்போன பழனி ஒன்றில் உட்காரப் போனான். பியூன் ஓடி வந்து அவன் தோளைப் பிடித்துத் தூக்கினான். அது சமஸ்கிருதப் பேராசிரியர் நாற்காலியாம். அவர் எங்கே என்று கேட்டேன். பியூன் மேலே பார்த்தான். மாடியில் வகுப்பு நடத்துகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு காபி வந்தது. பியூன் எட்டு டம்ளர்களை எட்டு நாற்காலிகளுக்கு முன்னால் வைத்தான். ஆறுகிற வரைக்கும் கை கட்டி நின்றான். அப்படியே எடுத்துக்கொண்டு போனான். கிருஷ்ணவேணி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பராங்குசம் நல்ல மனுஷர். எதையும் ஒளிக்காமல் சொல்லக்கூடியவர், அதுதான் அவரிடம் பயம். மொத்தம் எண்பது இடம் என்றார். பணியில் இருக்கிறவர்களின் பிள்ளைகள், மருமகப்பிள்ளைகள், ஒன்றுவிட்டவர்கள் வகையில் நாற்பத்தாறு. ஓய்வு பெற்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பதினான்கு. நீண்டகாலப் பணியாளர் ஒன்பது பேருக்குத் தலைக்கு இரண்டாகப் பதினெட்டு. விலங்கியல் விரிவுரையாளருக்கு ஆவணியில் கல்யாணம், அவருக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு இடம் பழகட்டும் என்று ஒன்று. மிச்சம் ஒன்று பொதுமக்களுக்கு. அதற்கு அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள்.

அந்த நீண்டகாலப் பணியாளர்கள் யார் என்று கேட்டேன். நாற்காலிகளைக் காட்டினார்.

“செத்துப்போனவங்களா சாமி?”

“அப்படி நாங்க சொல்றதில்லை ஓய். மணி அடிக்கலையே.”

அந்தக் கதையை அப்போதுதான் கேட்டேன். கல்லூரியை ஆரம்பித்தவர் எழுதி வைத்த விதி ஒன்று உண்டு. பணியில் உள்ள ஊழியர் காலமானால் கல்லூரி மணியை விடாமல் நூற்றெட்டு முறை அடிக்க வேண்டும், அன்றைக்குக் கல்லூரியை மூட வேண்டும், அந்த மணி அடித்த பிறகுதான் பதிவேட்டில் அவர் பெயரை நீக்க வேண்டும். அந்த நூற்றெட்டை மணியடிக்கும் ஊழியரைத் தவிர, அவர் பிள்ளைகளைத் தவிர, வேறு யாரும் அடிக்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் ஐம்பத்தொன்பதில் முதல்முதலாகச் செத்தவன் மணியடிக்கிற குப்புசாமியே. பிள்ளை இல்லாததால் அவனுக்கு மணியடிக்க ஆள் இல்லை. மணி அடிக்காததால் அவன் சாகவில்லை. அவன் சாகாததால் அந்த வேலை காலியாகவில்லை. வேலை காலியாகாததால் வேறு மணியடிப்பவரை நியமிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு செத்த எட்டுப் பேருக்கும் அடிக்க ஆள் இல்லாமல், அவர்களும் வேலைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். பாடவேளை மணிக்கு மட்டும் அந்தோணி என்று ஒருவனைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். அவன் ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். காலையில் குப்புசாமி பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைப்பதும் அவன் வேலை.

முதல் வருஷம் இது ஒரு சங்கடமாகத்தான் இருந்ததாம். இரண்டாம் வருஷம், பணிமூப்புப்படி பிள்ளைகளுக்கு இடம் என்று வந்தபோது, இறந்தவர்களின் மூப்பு ஏறிக்கொண்டே போவதை யாரோ கவனித்தார்கள். அவர்கள் லீவ் எடுப்பதில்லை. தாமதமாக வருவதில்லை. ஓய்வு வயது வந்தாலும் ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட வருவதில்லை. அதற்குப் பிறகு யாருக்கும் மணியைப் பற்றி நினைவு வரவில்லை.

பொது இடத்துக்கு நேர்முகத் தேர்வு நடந்தது. முதல்வர் யதிராஜன் வெள்ளை அங்கவஸ்திரத்தில் நடுவில் உட்கார்ந்திருந்தார். கணக்கு கேட்பார்கள் என்று கிருஷ்ணவேணி இரண்டு வாரமாகப் படித்திருந்தாள். அவர் கேட்டது ஒரே கேள்வி. இந்தக் கல்லூரி மாடிப்படியில் எத்தனை படி?

அவள் ஏறி வரும்போதே எண்ணியிருந்தாள். இருபத்தேழு என்றாள்.

முதல்வர் வருத்தத்தோடு தலையாட்டினார். இருபத்தெட்டு. பழைய படிக்கட்டில் கீழே ஒன்று இருந்தது, புதுப்பிக்கும்போது தரைக்குள் போய்விட்டது, கல்லூரியோடு உறவு உள்ளவர்களுக்கு அது தெரியும் என்றார். சரியான விடை சொன்னது ரமாமணி என்ற பெண். முதல்வரின் மகள். ஊழியர் ஒதுக்கீடு வேண்டாம், திறமையால் மட்டுமே வருவேன் என்று பொது இடத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். அந்தப் பெருந்தன்மையை எல்லாரும் பாராட்டினார்கள். நாங்கள் இறங்கி வரும்போது கடைசிப் படியில் எனக்கு முன்னால் போன பியூன் ஒரு காலைக் கூடுதலாக எடுத்து வைத்து இறங்குவதைப் பார்த்தேன்.

பராங்குசம் எங்களை மணி தொங்குகிற தாழ்வாரம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அந்த மார்க் அவரை என்னவோ செய்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, குப்புசாமிக்கு இரண்டு இடம் இருக்கிறது, பிள்ளை கிடையாது, வருஷா வருஷம் அது முதல்வர் வீட்டு வகையறாவுக்குப் போய்விடுகிறது என்றார். குப்புசாமிக்கு ஒரு பெண் இருந்தால் விதிப்படி யாரும் தடுக்க முடியாது. அவ்வளவு சொல்லிவிட்டுப் பஞ்சகச்சத்தைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

குப்புசாமியின் மனைவி அங்கம்மாள் கல்லூரிக்குப் பின்தெருவில், நெசவுக்காரர்களுக்குத் தறி நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். விதவைப் பணம் கேட்டுப் போனபோது உன் புருஷன் பணியில் இருக்கிறாரே என்றார்களாம். அப்படியானால் சம்பளம் கொடுங்கள் என்றதற்கு, அவர் நேரில் வந்து கையெழுத்துப் போடட்டும் என்றார்களாம். வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு ஊழியர் மனைவிமார்களுக்கு மஞ்சள், குங்குமம், பூ வைத்துத் தட்டு வரும். இவளுக்கும் வரும். முதல் வருஷம் திருப்பி அனுப்பினாள். கணவர் பணியில் இருக்கும்போது இது அமங்கலம் என்று நோட்டீசு வந்தது.

“ஒம்பது வருசமா என்னைத் தாலி கழட்ட வுடல ரைட்டரே. நான் பொணத்தைப் பாத்தவ. காலேஜுதான் இன்னும் பாக்கல,” என்றாள். பிறகு கிருஷ்ணவேணியைக் கிட்டே கூப்பிட்டு, கன்னத்தைத் தடவிப் பார்த்து, எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

தத்துப் பத்திரம் எழுதினேன். என் ஆயுளில் எழுதியவற்றில் அழகானது அது. கல்லூரி கமிட்டியில் ஒரே ஒரு தடை வந்தது. ஒரு பெண்ணுக்கு உயிரோடு இரண்டு தகப்பன் இருக்க முடியாது. குப்புசாமி பணியில் இருக்கிறார், ஆகவே உயிரோடு இருக்கிறார். அப்படியானால் இந்தப் பழனி என்பவர் யார்?

நான் பழனியைப் பார்த்தேன். அவன் மகளைப் பார்த்தான். அவள் வேண்டாம் நைனா என்றாள், படிப்பே வேண்டாம் என்றாள், அவன் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். அவன் சிரித்தான்.

“எழுதுங்க ரைட்டரே. எழுதிட்டா செத்துப்புடுவனா?”

‘இயற்கைத் தந்தை பழனி, காலமானார்’ என்று எழுதினேன். அந்தக் காலமானாரில் கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டிச் சுழித்து விட்டேன். பார்வையாக இருக்கட்டும் என்று.

அதற்குக் கிராம முன்சீப்பின் சான்று வேண்டும். பழனியே போய்க் கேட்டான். செத்தவன் யார் என்று முன்சீப் கேட்டாராம். நான்தாங்க என்றானாம். ஒரு சேவலோடு காரியம் முடிந்தது. ‘ப. கிருஷ்ணவேணி’யாக இருந்தவள் ‘கு. கிருஷ்ணவேணி’யாகக் கல்லூரிக்குப் போனாள்.

முதல் வாரமே பழனி அவளுக்குச் சோற்று மூட்டையைக் கொண்டுபோனான். காவல்காரன் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் தகப்பனார் உள்ளே பணியில் இருக்கிறார், நீ யார் என்று கேட்டானாம். என்ன சொல்வதென்று தெரியாமல் அவன் என் கொட்டகைக்கு வந்துவிட்டான். அதிலிருந்து வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் அவள் என் மேஜைக்கு வருவாள். அப்பனும் மகளும் என் படிவங்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் கூழோ சோறோ சாப்பிடுவார்கள். கல்லூரியில் ஆஜர் கூப்பிடும்போது கு. என்றதும் தனக்கு ஒரு நிமிஷம் வாய் வராது என்று அவள் ஒரு நாள் சொன்னாள். பழனி ஊறுகாயை அவள் பக்கம் தள்ளினான்.

ஐப்பசியில் அவன் என்னிடம் தமாஷாக ஒன்று சொன்னான். பஸ்ஸில் கண்டக்டர் அவனிடம் டிக்கெட் கேட்பதில்லையாம். மூன்று தடவையாயிற்று. பக்கத்தில் இருப்பவனிடம் கேட்கிறானாம், இவனைத் தாண்டிப் போகிறானாம்.

“கூட்டுறவு சங்கத்துல நின்னுக்கினே இருக்கிறேன், எனக்குப் பின்னாடி வந்தவன் பேரைக் கூப்புடுறான். ஊர் நாய்ங்ககூட என்னைக் கண்டா கொலைக்கறதில்ல ரைட்டரே. நல்லாத்தான் இருக்குது.”

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு இரண்டு மனுக்களில் தப்பு எழுதினேன். பத்து மணிக்குக் கல்லூரி மணி கேட்கும்போதெல்லாம் என் பேனா நின்றுவிட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். அந்தோணி டீ குடிக்க வருவான். சில நாட்களில் தான் கயிற்றைத் தொடுவதற்கு முன்னாலேயே கயிறு ஆடிக்கொண்டிருக்கும் என்று அவன் சொன்னபோது காற்றாக இருக்கும் என்றேன். நானே அதை நம்பவில்லை.

தை மாதம் கல்லூரி ஆண்டுவிழா. அரைப் பரீட்சையில் கிருஷ்ணவேணி கணக்கில் நூற்றுக்கு நூறு. முதல்வர் மகள் ரமாமணிக்கு எவ்வளவு என்று அறிவிக்கவில்லை. பழனிக்குப் பார்க்க ஆசை. பெற்றோர்கள் மட்டும் என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். நானும் அவனும் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். ஒலிபெருக்கி நன்றாகவே கேட்டது.

“சிலர் கேட்கிறார்கள், ஊழியர் பிள்ளைகளுக்கு ஏன் இடம் என்று,” என்று முதல்வர் யதிராஜன் பேசினார். “நான் திருப்பிக் கேட்கிறேன், ஊழியராக இல்லாதவர்கள் என்ன தைரியத்தில் பிள்ளை பெற்றார்கள்? மதிப்பெண் என்பது மூன்று மணி நேர உழைப்பு. தகப்பனாரின் பணி இருபது வருஷ உழைப்பு. நீதி எந்தப் பக்கம் இருக்கும்? இந்தக் கல்லூரி ஒரு குடும்பம். வீட்டில் எண்பது இலை போடுகிறோம். எண்பதும் நமக்கே போதவில்லை. வாசலில் நிற்பவரைப் பார்த்து நமக்கு இரக்கம் இல்லையா? இருக்கிறது. அதனால்தான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறோம்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

“இதோ, கடைநிலை ஊழியர் குப்புசாமியின் புதல்வி இன்று கணக்கில் முதலிடம் பெற்ற மாணவி. நம் ஒதுக்கீட்டின் நியாயத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? குப்புசாமி ஒன்பது ஆண்டுகளில் ஒரு நாள் விடுப்பு எடுத்ததுண்டா? எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதுண்டா? சம்பளம் கேட்டதுண்டா? உயிரோடு இருக்கும் ஊழியர்கள் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.”

மணிக்கருகில் கிடக்கும் குப்புசாமியின் முக்காலியை மேடைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். தகப்பனாருக்கு நமஸ்காரம் செய்து பரிசு வாங்கிக்கொள்ளம்மா என்றார் முதல்வர். அவள் முக்காலியைப் பார்த்தாள். பிறகு அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி, வாசல் பக்கம் பார்த்துத் தரையில் விழுந்தாள். இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று முதல்வர் ஒலிபெருக்கியிலேயே திருத்தினார். பெண்ணுக்குத் திசை தெரியவில்லை என்று சபையில் சிரித்தார்கள். கம்பி வேலியைப் பிடித்திருந்த பழனியின் கை விடுபடவேயில்லை. நான்தான் விரலைப் பிரித்து அழைத்து வந்தேன்.

மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பழனியின் மச்சான் சைக்கிளில் வந்தான். மூச்சு வாங்கியது. பம்புசெட்டு அறைச் சுவரில் சாய்ந்தபடி பழனி உட்கார்ந்திருந்தானாம். கழனியில் தண்ணீர் பாட்டுக்குப் பாய்ந்துகொண்டிருந்ததாம். தொட்டபோது சில்லிட்டிருந்ததாம்.

ஜூன் மாதம் நான் எழுதியது இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. மாரடைப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். இருக்கலாம். அந்தக் கடைசி எழுத்தைச் சுழித்த சுழி என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

கல்லூரிக்கு ஓடினேன். அன்றைக்கு அவளுக்கு ரசாயனச் செய்முறைத் தேர்வு. பராங்குசத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“எந்தத் தகப்பனார் ஓய்?”

“பழனி சாமி. முசரவாக்கத்துப் பழனி.”

“அவர் போன ஜூன்லயே காலமாயிட்டார்னு நீரே எழுதிக் குடுத்திருக்கீர். ஒரே மனுஷர் ரெண்டு தரம் காலமாக விதி இல்லையே. இப்ப தகப்பனார்னா குப்புசாமிதான்.” பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். “குப்புசாமி இன்னிக்குப் பணிக்கு வந்திருக்கார். பாரும், புள்ளி.”

தேர்வுக்கு வராவிட்டால் வருஷம் போகும், வருஷம் போனால் இடம் போகும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கிருஷ்ணவேணியை ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார். கையில் ஆசிட் கறையோடு வந்தாள். என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். நைனாவா என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். அவள் அழவில்லை. மேஜைமேல் திறந்து கிடந்த பதிவேட்டில் குப்புசாமி பெயருக்கு நேரே விரலை வைத்தாள்.

“நான் யாரு பொண்ணு சார்?”

“ரெக்கார்டுப்படி குப்புசாமி பொண்ணு,” என்றார் பராங்குசம்.

“அப்ப நூத்தெட்டு அடிக்க எனக்கு உரிமை இருக்குது.”

தாழ்வாரத்தில் அந்தோணி மணிக்கயிற்றருகே நின்றிருந்தான். அவள் வருவதைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் விலகிக்கொண்டான். அவள் இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

முதல் பத்து அடிவரை யாருக்கும் விளங்கவில்லை. பிறகு வகுப்புகளிலிருந்து பேராசிரியர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, யார் குறைகிறார்கள் என்று ஒருவரையொருவர் எண்ண ஆரம்பித்தார்கள். சரித்திரப் பேராசிரியர் தன் மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார். ஆசிரியர் அறையில் எட்டு மின்விசிறிகளும் நின்றிருந்தன. யாரோ நிறுத்தியிருக்க வேண்டும், யார் என்று பிற்பாடும் தெரியவில்லை. முதல்வர் படியிறங்கி ஓடி வந்தார். தரைக்குள் போன அந்த இருபத்தெட்டாம் படியில் கால் வைக்கப் போய்த் தடுமாறி உட்கார்ந்துவிட்டார். நிறுத்து, நிறுத்து என்றார். கயிற்றைத் தொடப் போனவர் விதியை நினைத்துக் கையை இழுத்துக்கொண்டார்.

அவள் கணக்குப் பெண். சரியாக நூற்றெட்டு அடித்தாள். விதிப்படி கல்லூரி மூடப்பட்டது. தேர்வு ஒத்திவைக்கப்பட்டது. மாமனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அவள் முசரவாக்கத்துக்குப் போனாள்.

நான் பின்தெரு வழியாகத் திரும்பினேன். அங்கம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. மஞ்சள் கயிற்றைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

“கேட்டுச்சா ரைட்டரே? இப்பத்தான் செத்தாரு,” என்றாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, ஒன்பது வருஷத்து அழுகையை அழுதாள். யாருக்காக மணி அடித்தது என்று நான் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்தவில்லை. ரெண்டு பேருக்கும் சேத்து அழுவுறேன் என்றாள்.

கல்லூரி கமிட்டி மூன்று நாட்கள் கூடியது. அடித்தது குப்புசாமியின் பெண் என்று ஒப்புக்கொண்டால் மணி செல்லும். மணி செல்லுமானால் ஒன்பது பேரும் செத்தவர்கள், பதினெட்டு இடங்கள் ஊரானுக்குப் போகும். ஆகவே மணியடித்தது குப்புசாமியேதான் என்று தீர்மானம் ஆயிற்று. தற்காலிகமாகிய தான் எதையும் பார்க்கவில்லை என்று அந்தோணி வாக்குமூலம் கொடுத்தான். ஊழியர் யாரும் இறக்காதபோது, அனுமதியின்றி நூற்றெட்டு அடித்து ஒழுங்கைக் குலைத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் கேட்டு, குப்புசாமி பெயருக்குக் கல்லூரியிலிருந்து மெமோ வந்தது.

பழனியின் சாவை முன்சீப் பதியவில்லை. ஏற்கனவே பதிந்தாயிற்று, திருத்தினால் தன் வேலை போகும் என்றார்.

காரியம் முடிந்த மறுநாள் அங்கம்மாளும் கிருஷ்ணவேணியும் மெமோவோடு என் மேஜைக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமை. மத்தியானம். நான் படிவங்களைப் பழக்கத்தில் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பிறகு நினைவு வந்து மறுபடி இழுத்துக்கொண்டேன். என்ன எழுத என்று கேட்டேன். உள்ளதை எழுதுங்க மாமா என்றாள் கிருஷ்ணவேணி.

எழுதினேன். சுழி எதுவும் போடவில்லை.

‘ஐயா, மணியடிக்கும் ஊழியர் குப்புசாமி சமர்ப்பிக்கும் விளக்கம். அன்று காலை என் மகள் கிருஷ்ணவேணியின் தகப்பன் இறந்துவிட்டான். அவளுக்கு லீவ் மறுக்கப்பட்டது. அதனால் மணி அடிக்க நேர்ந்தது.’

புருஷனுக்குப் பதிலாக அங்கம்மாள் கட்டை விரலை மையில் அழுத்திக் கீழே வைத்தாள். கைரேகைக்குச் சாட்சி வேண்டும். பேனாவைக் கிருஷ்ணவேணியிடம் கொடுத்தேன். கு. என்று போடாவிட்டால் இடம் போய்விடும், இன்னும் பரீட்சை பாக்கி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்குத் தெரியாத கணக்கா அது.

அவள் காகிதத்தை நேராக வைத்துக்கொண்டு, நிதானமாக, ‘ப. கிருஷ்ணவேணி’ என்று கையெழுத்துப் போட்டாள். நான் மை உலரும்வரை காத்திருந்து, மடித்து உறையில் போட்டு ஒட்டினேன்.